கதிர்காம வனத்து வரலாறுகளைக் கற்பிக்கும் முறை
(சைவ ஆசிரியர்களுக்கு ஒரு பாடம்)

சிவமயம்

ஆசிரிய அன்பர்காள்,

மேற்கே பெருங்கடலும் கிழக்கே புத்தளக் களப்பும் அணைய, நடுவே ஒடுங்கி நீண்டு கிடக்கும் கற்பிட்டித் தீபகற்பத்திலே எத்தாளை என்னும் ஊர் உளது. பல ஆண்டுகட்கு முன் ஓர் ஆடி மாதத்திலே அவ்வூர்ச் சைவப் பிள்ளைகள் சிலருக்கு யாம் கதிர்காமத்தின் பெருமையை எடுத்துரைத்தேம். வள்ளிநாயகியார் திருவவதாரஞ் செய்தது அவ்வனத்திலேயே என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொன்னேம். அப்பொழுது கடற்றொழில் செய்வார் ஒருவருடைய மகன் எழுந்து, “ஐயா, எங்கள் அம்மாச்சி வைத்திருக்கிற கந்தபுராண வசனத்திலே வள்ளியம்மை தொண்டைநாட்டிலே பிறந்தார் என்று இருக்கிறதே, இரண்டில் எது மெய்?” என்று வினாவினான்.

விடை எமக்குத் தெரிந்திலது. தெரியாதென்று சொல்லுந் துணிவும் அன்று இல்லையாயிற்று. “புராணத்திலே குறுக்குக் கேள்வி கேட்கலாகாது, இரு” என்றேம். அவன் இருந்தான். அதன்பின் அவன் எம்மிடம் ஒரு வினாவேனுங் கேட்டிலன்.

அவ்வினா நல்ல வினா. நூலையும் கேள்வியையும் ஒத்துப்பார்க்கும் அறிவுடையான் ஒருவனது வினா. அதனை அடக்கியதனால் யாம் புராணத்தைக் காத்தேமல்லேம். நமது அறியாமையையே காத்தேம். அப்பிழை ஏனை ஆசிரியர்க்கு நேராதிருத்தல் வேண்டுமென்னும் கருத்தினாலே இப்பாடத்தை எழுதலுற்றேம்.

மூவகைச் செய்திகள்

ஒரு திருத்தலத்தைக் குறித்து வழங்கும் செய்திகள் மூவகைப்படும். புராணமாகிய நூல் கூறுவன நூல்வழக்கு. அத்தலத்து அடியார்கள் வழிவழியாகச் சொல்லிவருவன தலவழக்கு. ஆண்டும் ஆவணமும் கொண்டு அறியப்படுவன சரித்திரம். இம்மூன்றும் ஒன்றற்கொன்று பகையல்ல. ஆயின் ஒன்றன் பெயரால் மற்றொன்றைச் சொல்லுதல் பிழை. பாலிலே நீரைக் கலந்து பாலென்று விற்பவன் பாலுக்கும் பெருமை தேடினானல்லன், நீருக்கும் பெருமை தேடினானல்லன். ஆதலின் வகுப்பில் நின்று ஒரு செய்தியைச் சொல்லும்போதே, “இது நூல் கூறுவது,” “இது தலத்தார் கூறுவது,” “இது சரித்திரத்தால் அறியப்படுவது” என்று பெயரிட்டுச் சொல்லும் வழக்கத்தை ஆசிரியர் கைக்கொள்ளல் வேண்டும்.

நூல்வழக்கு

கச்சியப்ப சிவாசாரியார் அருளிய கந்தபுராணம் உற்பத்தி, அசுரம், மகேந்திரம், யுத்தம், தேவம், தக்ஷம் என்னும் ஆறு காண்டங்களையுடையது. அவற்றுட் கதிர்காமப் பாடத்துக்கு வேண்டுவன இரண்டு பகுதிகளாம்.

முதலாவது, சூரபன்மனுடைய மகேந்திரபுரி தென்கடலில் இருந்ததென்பதும், குமாரக்கடவுள் பூதப்படைகளோடு கடலைக் கடந்து இலங்கையை அடைந்து, ஏமகூடம் என்னும் பாசறையில் எழுந்தருளியிருந்தார் என்பதுமாம். இது யுத்த காண்டத்தின் தொடக்கத்திலே வருகின்றது.

இரண்டாவது, நூலின் இறுதியிலுள்ள வள்ளியம்மை திருமணப் படலம். திருமாலின் புதல்வியருள் ஒருவராகிய சுந்தரவல்லி, முருகப்பெருமானை மணத்தல் வேண்டித் தவஞ்செய்து, மானின் வயிற்றில் வந்து, வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியிலே குழவியாய்க் கிடந்தனர். வேடர் தலைவனாகிய நம்பி கண்டெடுத்து வள்ளியென்று பெயரிட்டு வளர்த்தனன். பன்னிரண்டாம் பிராயத்திலே அவர் பரண்மீதிருந்து தினைப்புனங் காத்தனர். பெருமான் வேடனாய் வந்தார். நம்பி வருதலுங் கண்டு வேங்கை மரமாய் நின்றார். பின்னர்த் தளர்ந்த கிழவராய் வந்து தேனுந் தினைமாவும் உண்டு நீர் வேட்டார். தமையனாராகிய விநாயகக்கடவுளை நினைக்க அவர் யானையாய்த் தோன்ற, அஞ்சிய வள்ளியம்மையார் கிழவரைத் தழுவினர். இவையெல்லாம் பிள்ளைகள் விரும்பிக் கேட்பனவாதலின் இவ்விடத்தே ஆசிரியர் விரைந்து செல்லலாகாது. இந்நூல் வள்ளிமலையை வைப்பது தொண்டைநாட்டு மேற்பாடிக்கு அருகிலேயாம். எத்தாளைப் பிள்ளை படித்தது பிழையன்று.

தலவழக்கு

கதிர்காமம் ஊவா மாகாணத்து மொனராகலை மாவட்டத்திலே மாணிக்க கங்கையின் கரையில் உள்ளது. முருகப்பெருமான் கோயிலும், அதற்கெதிரே வள்ளியம்மை கோயிலும், தெய்வயானையம்மை கோயிலும் அங்குள. கதிரமலை அணித்தே நிற்கின்றது. ஆற்றுவழியே சில மைல் தொலைவிற் செல்லக்கதிர்காமம் உளது.

அத்தலத்து அடியார் கூறுவன நான்கு வரலாறுகளாகத் தொகுத்துக் கொள்ளற்பாலன.

ஒன்று: புராணம் கூறும் ஏமகூடப் பாசறை கதிர்காமமே என்பது. இங்கே நூல் இலங்கையென்று சொல்லி நிற்கின்றது. இவ்விடந்தான் என்று சுட்டுவது தலவழக்கு. இவ்விரண்டும் பொருந்தி நிற்றலை மாணாக்கர்க்குக் காட்டுக.

இரண்டு: வள்ளியம்மையார் இவ்வனத்து வேடர் குலத்திலே வளர்ந்து, இங்கேயே பெருமானால் ஆட்கொள்ளப்பட்டார் என்பது. விநாயகக்கடவுள் யானையாய்த் தோன்றிய இடம் செல்லக்கதிர்காமம் என்பர். ஆண்டு மாணிக்க கங்கைக் கரையிலே பிள்ளையார் கோயில் உண்டு. தேனுந் தினைமாவும் இன்றும் பெருமானுக்கு உகந்தனவாகக் கொள்ளப்படுகின்றன.

மூன்று: உகந்தைமலை வரலாறு. கீழைக் கடற்கரையிலே, பொத்துவிலுக்குத் தெற்கே, காட்டின் வாயிலிலே நிற்பது உகந்தை. பெருமான் கல்லோடத்தில் வந்து இறங்கிய துறை இதுவென்பர். குன்றின் அடியில் முருகன் கோயிலும் மேலே வள்ளியம்மை கோயிலும் உள்ளன. கடலோரத்துப் பிள்ளைகள் இவ்வரலாற்றைப் பெரிதும் விரும்புவர். தோணியிறங்கு துறை இன்னதென்று அவர்கட்கு நாம் சொல்லவேண்டுவதில்லை.

நான்கு: கலியாணகிரி சுவாமிகள் வரலாறு. பெருமான் பாரத நாட்டை விட்டு இக்காட்டிலே தங்கிவிட்டார் என்று வருந்திய முனிவர் ஒருவர், அவரை மீட்டு அழைத்தேகும் எண்ணத்தோடு வடநாட்டினின்றும் வந்து பன்னீராண்டு தவங்கிடந்தார். வேட்டுவச் சிறுவன் ஒருவனும் சிறுமி ஒருத்தியும் அவர்க்குப் பணிசெய்து வந்தனர். ஒருநாள் அயர்ந்து உறங்கிய முனிவரைச் சிறுவன் எழுப்பிவிட்டு ஓடினான். சினந்து பின்தொடர்ந்த முனிவர் மாணிக்க கங்கையின் நடுவிலுள்ள திட்டை அடைந்தபோது, அச்சிறுவன் முருகப்பெருமானாகவும் சிறுமி வள்ளியம்மையாகவும் காட்சி கொடுத்தனர். முனிவர் தாம் வந்த கருமத்தைச் சொல்லி வரங்கேட்க வாயெடுக்கு முன்னே, வள்ளியம்மையார், “என் நாயகரை என்னினின்றும் பிரியாதிருக்க எனக்கு மாங்கலியப் பிச்சை தருக” என்று இரந்தனர். கொள்ள வந்த முனிவர் கொடுப்பவராயினார். தாமும் அவ்வனத்திலேயே தங்கி, எந்திரத்தை அமைத்து வழிபட்டு, ஈற்றில் முத்துலிங்கமாயினார் என்பது கேள்வி. முத்துலிங்க சுவாமி கோயில் இன்றும் அங்கு வணங்கப்படுகின்றது.

இந்நான்காவது வரலாற்றை ஆசிரியர் ஆழ்ந்து நோக்குக. முனிவர் தவத்தாற் பெரியர், கலையாற் பெரியர். ஆயினும் அவருடைய பன்னீராண்டுத் தவம் வேட்டுவப் பெண்ணொருத்தியின் ஒரு வேண்டுதலின் முன் நின்றதில்லை. பெருமானைக் காட்டினின்றும் கொண்டேகலாம் என்று வந்தவர், காட்டையே தமது வீடாக்கிக் கொண்டார்.

சரித்திரம்

சரித்திரத்தாற் கிடைப்பன சுருக்கமாயினும் உறுதியுடையன. ஸ்ரீ மகாபோதி இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட காலத்துக் கஜரகாமத்து க்ஷத்திரியர் அவ்விழாவில் உடனிருந்தனர் என்று பாளி நூலாகிய மகாவம்சம் கூறும். கஜரகாமம் என்பது இத்தலமே. பதினைந்தாம் நூற்றாண்டினராகிய அருணகிரிநாதர் கதிர்காமத்துக்குத் திருப்புகழ் பாடியுள்ளார். 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டை மாவட்டத்தில் உதவி அரசாங்க அதிபராயிருந்த லெனாட் வூல்ப் என்னும் ஆங்கிலேயர், 1913இல் வெளியிட்ட தமது நாவலிலே அப்பக்கத்து வறண்ட காட்டையும் அதனூடு செல்லும் யாத்திரையையும் எழுதினார். சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள் 1924இல் இராயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையிலே கதிர்காமக் கடவுள் வழிபாட்டைப்பற்றி எழுதிய கட்டுரை ஆசிரியர் யாவரும் படிக்கற்பாலது.

யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கீழைக்கரை வழியே முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் கடந்து, உகந்தையிற் காட்டினுட் புகுந்து, குமுக்கன் ஆற்றைத் தாண்டி, யாலவனத்தினூடே கதிர்காமம் சேரும் பாதயாத்திரை நெடுங்கால வழக்கு. மோட்டார் வீதி அமைந்தபின் நடப்போர் தொகை குறைந்தது. 1983இன் பின் போரினால் அவ்வழி இடையறவுபட்டது. பின்னர் மீண்டும் உயிர்பெற்று இன்று பல்லாயிரவர் நடக்கின்றனர். புத்தளத்துக்கு வடக்கேயுள்ள வில்பத்தும் அங்குள்ள யாலவும் 1938ஆம் ஆண்டிலே தேசிய வனங்களாக்கப்பட்டன. ஆதலின் யானையும் கரடியும் சிறுத்தையும் வாழும் காடு எத்தகையதென்பதை நம் கரையோரப் பிள்ளைகளுக்கு வில்பத்தைக் காட்டியே விளக்கலாம்.

இன்னுமொன்று. இத்தலத்திலே வணங்குவோர் நாம் மாத்திரமல்லேம். சிங்களப் பௌத்தர் அப்பெருமானைக் கதரகம தெய்யோ என்று வழிபடுவர்; கிரிவிகாரை அணித்தே உளது. முஸ்லிம்களுக்கும் அங்குப் பள்ளிவாசல் உண்டு. இதனை மறைத்துக் கற்பித்தல் சரித்திரத்தைக் குறைத்தலாம். எத்தாளைப் பிள்ளைகளுக்கு இது புதிதன்று. தங்கள் ஊருக்கு அயலேயுள்ள தலவில புனித அன்னம்மாள் கோயிலுக்கு ஆண்டுதோறும் பெருந்திரளாய் வரும் யாத்திரிகரை அவர்கள் கண்டே வளர்கின்றனர். பிறர் பக்தியை மதிக்கக் கற்ற பிள்ளையே தன் பக்தியையும் நிலையாகப் பற்றும்.

மாறுபாட்டுக்கு விடை

இனி, அம்மாணாக்கனுடைய வினாவுக்கு வருவாம். வள்ளியம்மையார் பிறந்தது தொண்டைநாடோ, கதிர்காமமோ?

இதற்கு விடை: கந்தபுராணம் தொண்டைநாடென்னும், கதிர்காமத்து அடியார் தம் வனமென்பர். இவ்வாறு இரண்டையும் உள்ளவாறே சொல்லிவிடுக. பின்னர், ஒரு வரலாறு பல தலங்களிலே வேரூன்றுதல் ஏன் என்று மாணாக்கரையே சிந்திக்கச் செய்க. முன்னேச்சரத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இராமபிரான் இராவணவதத்தின் பின் பிரமஹத்தி தோஷம் நீங்கச் சிவபெருமானை வழிபட்ட இடம் முன்னேச்சரம் என்று நம் பிள்ளைகள் கேட்டிருப்பர். இராமேச்சரத்துக்கும் அவ்வாறே வரலாறு வழங்குகின்றது. இறைவன் ஓரிடத்தில் அருள்செய்தான் என்று கேட்ட அடியார், தம் மண்ணிலும் அவ்வருளைக் கண்டனர். கண்ட இடத்தைச் சுட்டினர். எங்கும் நிறைந்த பொருளுக்கு ஓரிடத்தை உரிமையாக்கி மற்றோரிடத்தைப் பொய்யாக்குதல் சைவர்க்கு வேண்டுவதன்று.

“அப்படியாயின் எதுவும் மெய்யில்லையா?” என்று பிள்ளை கேட்கலாம். அஞ்சற்க. இரு வழக்கும் ஒருவாய்ப்படக் கூறும் பொருள் ஒன்றுண்டு. வள்ளியம்மையார் பெருமானைத் தேடி அவர் கோயிலுக்குச் சென்றாரல்லர். பெருமானே தினைப்புனந் தேடி வந்தார். பக்குவப்பட்ட உயிரை இறைவன் தானே வலிய வந்து ஆட்கொள்ளுதல் நம் சித்தாந்தத் துணிபு. வள்ளிமலையிற் சொன்னாலும் கதிர்காமத்திற் சொன்னாலும் இது மாறுவதில்லை. மாணாக்கன் இதனைப் பற்றிக்கொண்டானாயின், இடம்பற்றிய மாறுபாடு அவன் பத்தியைக் குலைக்காது. இதனைப் பற்றாது இடத்தை மாத்திரம் பற்றினானாயின், பின்னாளில் வேறொரு நூலைப் படித்த அன்றே ஆசிரியனையும் புராணத்தையும் ஒருசேரக் கைவிடுவான். எமது அச்சம் இதுவேயாம்.

ஆகமமும் அடவியும்

நம்மவருட் சிலர், கதிர்காமத்திலே சிவாசாரியரில்லை, ஆகமப்படி பூசையில்லை, மூலத்தானத்தே திருவுருவுமில்லை. அங்ஙனமாகச் சைவப் பிள்ளைகளுக்கு அதனை எங்ஙனம் கற்பிப்பது என்பர். உண்மையே. அங்கே திருவுருவந் தீட்டிய திரை தொங்குகின்றது. அதனுள்ளே கப்புறாளைமார் வாய்கட்டிப் பூசை செய்கின்றனர். ஆடித் திருவிழாவிலே பெட்டகத்திலுள்ள எந்திரமே யானைமீது வள்ளியம்மை கோயிலுக்கு எழுந்தருளுகின்றது. தீர்த்தத்தோடு விழா முடிகின்றது. கப்புறாளைமார் தம்மை வேடர் வழியினர் என்று கூறிக்கொள்வது அவர்தம் வழக்கு.

இவ்வையத்துக்கு விடையைப் பெரியபுராணத்திலே தேடுக. திருக்காளத்தியிலே சிவகோசரியார் ஆகமவிதிப்படி பூசித்தார். கண்ணப்பர் வாயிற் கொணர்ந்த நீரால் ஆட்டி ஊனை நிவேதித்தார். இறைவன் சிவகோசரியாரைத் தள்ளினானல்லன்; அவரை மறைந்து நின்று காணச்செய்து அன்பின் எல்லையை அவர்க்கு அறிவித்தான். ஆகமநெறி கெடவேண்டுமென்று அவ்வரலாறு சொல்லவில்லை. விதியறியாத வேடனது அன்பை விதியறிந்தவர் இகழலாகாதென்றே சொல்கின்றது. முன்னேச்சரத்திலே சிவாசாரியர் செய்யும் பூசையையும், கதிர்காமத்திலே வாய்கட்டிச் செய்யும் பூசையையும் இவ்விரு கண்கொண்டு நோக்குக.

இங்கே ஆசிரியர் தம்மையுஞ் சிறிது சோதித்துக்கொள்ளல் வேண்டும். 1930ஆம் ஆண்டையொட்டி யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிலே எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சம ஆசனத்தில் இருத்தல் வேண்டுமென்ற விதி வந்தபோது, அதனை எதிர்த்தோருட் கந்தபுராணத்தை ஆண்டுதோறும் படனஞ்செய்து கேட்டோரும் இருந்தனர். வேட்டுவப் பெண்ணைப் பெருமான் மணந்த படலத்தைக் கேட்டுக் கண்ணீர் சொரிந்து, விடிந்தபின் ஏழைப் பிள்ளையைத் தரையிலிருத்துவது கற்றதனாலாய பயனாகுமா? இன்று தரையிலிருத்துவாரில்லை. ஆயினும் எந்தப் பிள்ளையின் வினாவை நாம் பொறுத்துக் கேட்கின்றோம், எவன் வினாவை “இரு” என்று அடக்குகின்றோம் என்பதை எண்ணிப்பார்த்தல் நலம். எத்தாளையிலே அன்று எழுந்து வினாவியவன் செல்வர் வீட்டுப் பிள்ளையாயிருப்பின் யாம் அவ்வாறு விடை கூறியிருப்பேமோ என்பதை நினைக்குந்தோறும் நாணுகின்றேம்.

வகுப்பிற் செய்யுமாறு

இப்பாடத்தை மூன்று நாளாகப் பகுத்துக் கற்பித்தல் நன்று.

முதல் நாள் அண்மையிலிருந்து தொடங்குக. பிள்ளைகள் கண்ட முன்னேச்சரம், உடப்புத் திரௌபதையம்மன் கோயிற் றீமிதி ஆகியவற்றைச் சொல்லச் செய்து, அவற்றின் வரலாறுகளை அவர்கள் வாயாலேயே கேட்க. பின்பு இலங்கைப் படத்திலே புத்தளத்தையும் கதிர்காமத்தையும் தொடுவித்து, பாதயாத்திரை வழியைக் கோட்டாற் காட்டுக.

இரண்டாம் நாள் வள்ளியம்மை திருமணத்தையும் கலியாணகிரி சுவாமிகள் வரலாற்றையும் முழுமையாகச் சொல்லுக. சொல்லும்போது இடையிலே நின்று உபதேசஞ் செய்யற்க. கதை தன் வேலையைத் தானே செய்யும்.

மூன்றாம் நாள் கரும்பலகையை மூன்றாகப் பிரித்து, நூல்வழக்கு, தலவழக்கு, சரித்திரம் என்று தலைப்பிட்டு, கேட்ட செய்திகளை எதன்கீழ் வைப்பதென்று பிள்ளைகளையே கூறச்செய்க. பிழைத்தாற் சினவற்க. யாத்திரை செல்வோர் காட்டிலே ஞெகிழிப் பைகளையும் போத்தல்களையும் எறியலாகாதென்பதும், அவ்வனத்து உயிர்களுக்கு இடர்செய்யலாகாதென்பதும் அன்றே சொல்லத்தக்கன. வள்ளியம்மையார் காத்த புனத்தை நாம் குப்பைமேடாக்குதல் தகாது.

வினாவிடை

வினா: கதிர்காமம் எந்த ஆற்றங்கரையில் உள்ளது?
விடை: மாணிக்க கங்கைக் கரையில் உள்ளது.

வினா: ஏமகூடம் என்பது யாது?
விடை: குமாரக்கடவுள் இலங்கையில் அமைத்த பாசறை. அது கதிர்காமமே என்பது தலவழக்கு.

வினா: வள்ளியம்மையார் பிறந்த இடத்தைப்பற்றி வழங்கும் இரு வழக்குகள் யாவை?
விடை: தொண்டைநாட்டு வள்ளிமலை என்பது கந்தபுராணம், கதிர்காம வனம் என்பது அத்தலத்தார் வழக்கு.

வினா: இரண்டு வழக்கும் ஒத்துக் கூறும் பொருள் யாது?
விடை: பெருமான் தாமே வேட்டுவ மகளைத் தேடிவந்து ஆட்கொண்டார் என்பது.

வினா: கலியாணகிரி சுவாமிகள் எதற்காக வந்தார்? என் செய்தார்?
விடை: பெருமானை அழைத்தேக வந்தார், வள்ளியம்மையார் வேண்டியதைக் கொடுத்து அவ்வனத்திலேயே தங்கினார்.

வினா: ஆசிரியர்க்கு விடை தெரியாதபோது யாது செய்தல் வேண்டும்?
விடை: தெரியாதென்று சொல்லி, மாணாக்கனோடு இருந்து நூலைத் திறந்து பார்த்தல் வேண்டும்.

இவ்வீற்று வினா பிள்ளைகளுக்கன்று. எமக்கும் உமக்குமாக எழுதியது. அம்மாணாக்கன் இப்பொழுது எங்கேயோ ஓர் ஊரிலே தந்தையாயிருத்தல் கூடும். அவன் மக்கள் தம் ஆசிரியரை இவ்வினாவைக் கேட்பாராயின், அவர்க்கேனும் நேரிய விடை கிடைத்தல் வேண்டும். தினைப்புனந் தேடி வந்த பெருமான் அதற்குத் திருவருள் புரிவாராக.

திருச்சிற்றம்பலம்.